ஜூலை முதல் நாளின் முற்பகல்

போரில் மாண்டவர்களை ஆண்டுதோறும் நினைவுகூரும் வழக்கத்துக்குள் வெளியே சொல்லப்படாத ஓர் அனுமானம் இருக்கிறது. அவர்கள் எந்த நாட்டின் பெயரால் உயிர்கொடுத்தார்களோ அந்த நாடு நிலைத்திருக்கும், அதன் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் அதே கொடியின்கீழ் நின்று அவர்களுடைய பெயர்களை வாசிப்பார்கள் என்பதே அது. கல்லில் வெட்டிய பெயர்ப்பட்டியல், மௌன அஞ்சலி, பள்ளிப் பாடநூலின் பத்தி ஆகிய எல்லாமே இந்த அனுமானத்தின்மீதுதான் நிற்கின்றன. அட்லாண்டிக் பெருங்கடலின் வடமேற்கில், கனடாவின் கிழக்குக் கரையை அடுத்துக் கிடக்கும் நியூஃபவுண்ட்லாந்துத் தீவின் வரலாற்றில் இந்த அனுமானம் பொய்த்துப்போனது. முதல் உலகப் போரில் தன் மக்கள்தொகைக்கும் பொருள்வளத்துக்கும் மீறிக் கொடுத்த அந்தச் சிறுநாடு, போர் முடிந்து பதினாறு ஆண்டுகள் நிறைவதற்குள் தன் நாடாளுமன்றத்தைத் தானே மூடிக்கொண்டது. அதற்கும் பதினைந்து ஆண்டுகளுக்குப் பிறகு அண்டைநாட்டின் ஒரு மாகாணமாக மாறியது. ஆயினும் 1917-இல் தொடங்கிய அதன் நினைவு நாள் மட்டும் இன்றுவரை அறுபடாமல் தொடர்கிறது. நாட்டுக்குரிய மற்ற அடையாளங்கள் ஒவ்வொன்றாகக் கைவிட்டுப் போனபோது, நினைவுகூர்தலே அந்த நாட்டின் கடைசி நிறுவனமாக எஞ்சியது.

அந்தத் தீவு 1855-இலேயே பொறுப்பாட்சி பெற்றிருந்தது. அதாவது, மக்கள் தேர்ந்தெடுத்த சட்டமன்றத்துக்குப் பதில்சொல்லக் கடமைப்பட்ட அமைச்சரவை அங்கே ஆண்டது. புதிதாக உருவாகியிருந்த கனடாவோடு சேர்வதா என்ற கேள்வியை முன்வைத்து நடந்த 1869-ஆம் ஆண்டுத் தேர்தலில் மக்கள் அதைத் திட்டவட்டமாக மறுத்தனர். 1907 முதல் அது கனடா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து ஆகியவற்றைப் போலவே 'டொமினியன்' என்று அழைக்கப்பட்டது. பிரிட்டிஷ் முடியரசுக்கு உட்பட்டிருந்தாலும் உள்நாட்டு ஆட்சியில் தன்னுரிமை பெற்ற நாட்டுக்கு அப்போது வழங்கிய பெயர் அது. லாப்ரடார் என்னும் பெருநிலப்பகுதியும் சேர்ந்த அந்த நாட்டின் மொத்த மக்கள்தொகை 1911-இல் சுமார் 2,40,000. நம் மாவட்டத் தலைநகர்களில் பலவற்றில் இன்று இதைவிட அதிகமானோர் வாழ்கிறார்கள். தலைநகர் செயின்ட் ஜான்ஸைத் தவிர்த்தால் மற்றவர்கள் கடற்கரை நெடுகச் சிதறிக்கிடந்த நூற்றுக்கணக்கான மீனவக் குப்பங்களில் வாழ்ந்தனர். உப்பு, வலை, மாவு ஆகியவற்றை வணிகரிடம் கடனாக வாங்கி, பருவ முடிவில் காயவைத்த காட் மீனைக் கொடுத்துக் கணக்கை நேர்செய்யும் முறையில், ரொக்கப் பணத்தைக் கண்ணால் பாராமலே வாழ்ந்து முடித்த குடும்பங்கள் அங்கே ஏராளம். 1986 ஆகஸ்டில் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மூடுபனிக்குள் தத்தளித்த 150-க்கும் மேற்பட்ட ஈழத்தமிழ் அகதிகளைக் கண்டு கரைசேர்த்தவர்கள் இந்தக் கடற்கரையின் மீனவர்களே என்பதால், தமிழர்களுக்கு இத்தீவு முற்றிலும் அந்நியமானதும் அன்று.

கடலில் சாவது அந்த மக்களுக்குப் புதிதில்லை. போர் தொடங்குவதற்குச் சில மாதங்களுக்கு முன், 1914-இன் வசந்த காலத்தில், பனிப்பாளங்களின்மேல் சீல் வேட்டைக்குப் போனவர்களில் நாட்டின் பெயரையே தாங்கிய 'நியூஃபவுண்ட்லாந்து' என்ற கப்பலைச் சேர்ந்த 78 பேர், திரும்ப வழியில்லாமல் இரண்டு இரவுகள் பனிப்புயலில் சிக்கி உறைந்து இறந்தனர். அதே புயலில் 'சதர்ன் கிராஸ்' என்ற கப்பல் 173 பேரோடு தடயமின்றி மறைந்தது. உடல் கிடைக்காத சாவுக்கு எப்படித் துக்கம் காப்பது என்பதை அந்த ஊர்கள் போருக்கு முன்பே அறிந்திருந்தன. பின்னாளில் எழுந்த நினைவு மரபு இவ்வளவு ஆழமாக வேர்விட்டதற்கு இந்த முன்னனுபவமும் ஒரு காரணமாக இருக்க வேண்டும்.

1914 ஆகஸ்டில் பிரிட்டன் போரில் இறங்கியபோது டொமினியன்களும் தாமாகவே போரில் இறங்கியவை ஆயின. நியூஃபவுண்ட்லாந்திடம் அப்போது தரைப்படை என்று ஒன்று இல்லை. அரச கடற்படையின் சேமப்படையில் பயிற்சி பெற்ற மீனவர் சில நூறு பேரும், ஒவ்வொரு கிறித்தவ சபையும் தன் இளைஞர்களுக்காக நடத்திய அணிவகுப்புக் குழுக்களுமே இருந்தன. ஆங்கிலிக்கன், கத்தோலிக்க, மெதடிஸ்ட், பிரெஸ்பிட்டேரியன் என்று பள்ளிக்கூடம் முதல் அரசுப் பதவிவரை சபைவாரியாகப் பங்கிட்டுக்கொண்டிருந்த சமூகம், முதன்முறையாக ஒரே படையணிக்குள் கலந்தது. ஆளுநர் வால்டர் டேவிட்சன் தலைமையில் அமைந்த நியூஃபவுண்ட்லாந்து தேசபக்திச் சங்கம் என்ற குடிமக்கள் குழுவே ஆள்சேர்ப்பு முதல் சீருடைவரை எல்லாவற்றையும் ஏற்று நடத்தியது. முதலில் திரண்ட ஐந்நூற்றுச் சொச்சம் பேருக்குக் காலில் சுற்றும் பட்டிக்கு வேண்டிய காக்கித் துணி கிடைக்காததால் நீலத் துணி கொடுக்கப்பட்டது. 'நீலப் பட்டியர்' என்ற பெயர் அவர்களுக்கு அப்படித்தான் வந்தது. இந்தியப் படைகளின் வழியாக இந்தியிலிருந்து ஆங்கிலத்துக்குப் போன 'பட்டி' என்ற சொல், வட அட்லாண்டிக் தீவொன்றின் பெருமைக்குரிய பெயராக நிலைத்தது மொழிகளின் பயணத்தில் ஒரு சிறு வியப்பு. அக்டோபர் தொடக்கத்தில் 'ஃப்ளோரிசெல்' என்ற கப்பலில் அவர்கள் புறப்பட்டனர். நாடு முழுவதையும் பிரதிநிதித்துவம் செய்த ரெஜிமென்ட், அதாவது தனிப்பெயரும் தனி மரபும் உடைய படையணி, உண்மையில் ஒரே ஒரு பட்டாலியனால் ஆனது. ஏறத்தாழ ஆயிரம் பேர் கொண்ட ஓர் அலகு. கனடாவின் படைகளோடு கலந்துவிடாமல் தனித்து நிற்க வேண்டும் என்பதில் அந்த நாடு உறுதியாக இருந்தது. அந்த உறுதியே பிறகு அதன் பெருமையாகவும் பேரிழப்பாகவும் முடிந்தது.

1915 செப்டம்பரில் துருக்கியின் கலிப்போலித் தீபகற்பத்திலுள்ள சுவ்லா விரிகுடாவில் அவர்கள் இறங்கினர். குண்டுகளைவிட வயிற்றுப்போக்கும் காய்ச்சலும், நவம்பர் இறுதியின் பெருமழையும் அதைத் தொடர்ந்த உறைபனியுமே அவர்களை அதிகம் வாட்டின. பின்வாங்கலின்போது கடைசியாக வெளியேறிய காவலணிகளில் அவர்களும் இருந்தனர். பிரிட்டிஷ் படையின் 29-ஆவது டிவிஷனில் அங்கே இணைக்கப்பட்ட அவர்கள், அதே டிவிஷனோடு 1916 வசந்தத்தில் வடக்கு பிரான்ஸின் சோம் ஆற்றுப் பகுதிக்கு வந்துசேர்ந்தனர்.

ஜூலை முதல் நாள் நடந்ததை விரிவாகச் சொல்லாமல் அந்நாட்டின் நினைவைப் புரிந்துகொள்ள முடியாது. சோம் தாக்குதலின் திட்டம் எளிமையானது: ஒரு வாரம் இடைவிடாத பீரங்கித் தாக்குதலால் ஜெர்மானியரின் முள்கம்பி வேலிகளும் பதுங்குகுழிகளும் அழிந்துவிடும், காலாட்படை நடந்துபோய் அவற்றைக் கைப்பற்றிக்கொள்ளும். பொமோன்-ஹமல் என்ற சிற்றூரின் முன்னால் ஜெர்மானியர் ஆழமாகக் குடைந்து அமைத்திருந்த நிலவறைகளை அந்தக் குண்டுகள் எட்டவில்லை. போதாக்குறைக்கு, ஹாதார்ன் மேட்டுக்கு அடியில் சுரங்கம் தோண்டி வைத்திருந்த பெருவெடியைத் தாக்குதலுக்குப் பத்து நிமிடம் முன்பாக, 7.20 மணிக்கே வெடிக்கச் செய்தனர். அந்த ஓசை எதிரிக்கு முன்னறிவிப்பு ஆனது, 7.30-க்கு முதல் அலை எழுந்தபோது இயந்திரத் துப்பாக்கிகள் மேலே வந்து காத்திருந்தன. முதல் அலையும் இரண்டாம் அலையும் அழிந்தன. போர்க்களத்தின் புகைக்கிடையே தெரிந்த வெள்ளை வெளிச்சக் குண்டு ஒன்றைத் தங்கள் படையின் வெற்றிக் குறி என்று டிவிஷன் தலைமை எடுத்துக்கொண்டது. அது ஜெர்மானியர் விட்டது. அந்தப் பிழையான கணிப்பின்மேல், பின்வரிசையில் நின்ற நியூஃபவுண்ட்லாந்துப் படைக்கும் எசெக்ஸ் படைக்கும் முன்னேறும்படி ஆணை வந்தது.

முன்வரிசைக்குப் போகும் இணைப்புக் குழிகள் எல்லாம் இறந்தவர்களாலும் காயம்பட்டவர்களாலும் அடைபட்டிருந்தன. எசெக்ஸ் படை அந்த நெரிசலுக்குள் சிக்கித் தாமதித்தது. நியூஃபவுண்ட்லாந்தினர் ஆணையைக் காலந்தாழ்த்தாமல் நிறைவேற்ற, பின்குழியிலிருந்தே வெட்டவெளிக்கு ஏறினர். இதன் பொருளை நின்று யோசிக்க வேண்டும். எதிரியை நெருங்குவதற்கு முன்பே, தங்கள் சொந்த முன்வரிசையை அடைவதற்கே அவர்கள் 200 மீட்டருக்கு மேல் திறந்த சரிவில் நடக்க வேண்டியிருந்தது. தங்கள் தரப்பு முள்கம்பி வேலியில் வெட்டியிருந்த சில இடைவெளிகளின் வழியாகவே வெளியேற வேண்டியிருந்தது. அந்த இடைவெளிகளைக் குறிவைத்தபடி எதிரியின் துப்பாக்கிகள் இருந்தன. நேரம் காலை 9.15. களத்தில் அந்தக் கணம் அவர்களைத் தவிர வேறு யாரும் நடமாடவில்லை. முதுகுச் சுமையில், தங்கள் பீரங்கிப் பார்வையாளர்களுக்கு அடையாளம் தெரிவதற்காகத் தைத்திருந்த முக்கோணத் தகரங்கள் வெயிலில் மின்னின. சொந்த ஊரின் பனிப்புயலுக்கு எதிராக நடப்பவர்களைப் போல அவர்கள் தாடையை மார்போடு அணைத்துத் தலைகுனிந்து நடந்ததாகக் கண்டவர் சொன்ன செய்தி தலைமுறைகளாகத் திரும்பச் சொல்லப்படுகிறது. இரு தரப்பு முன்வரிசைகளுக்கும் இடைப்பட்ட சரிவின் நடுவே நின்ற பட்டுப்போன மரம் ஒன்றின் அருகில் பலர் விழுந்தனர். 'அபாய மரம்' என்று அதற்குப் பெயர். ஏறத்தாழ அரை மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்று முன்னேறிய சுமார் 800 பேரில் 324 பேர் கொல்லப்பட்டனர் அல்லது காணாமற்போய் இறந்தவர்களாகக் கருதப்பட்டனர். 386 பேர் காயமடைந்தனர். மறுநாள் பெயர் அழைத்தபோது குரல்கொடுத்தவர்கள் 68 பேர். பிரிட்டிஷ் படை முழுவதற்குமே அது வரலாற்றின் மிகக் கொடிய நாள். 57,470 பேர் வீழ்ந்து அவர்களில் 19,240 பேர் இறந்தனர். ஆனால் பெரிய நாடுகளின் இழப்பு பல ஊர்களுக்கும் பல படையணிகளுக்கும் பரவிக் கரைந்தது. நியூஃபவுண்ட்லாந்துக்கு இருந்தது ஒரே படையணி, அது நின்றது ஒரே சரிவு. வெளிவந்த முதல் செய்திகள் வெற்றியைப் பற்றியே பேசின. பிறகு தந்திகள் வரத் தொடங்கின. வாரக்கணக்கில் வந்துகொண்டே இருந்தன. செயின்ட் ஜான்ஸின் வணிகக் குடும்பமான ஏயர் குடும்பத்தில் இரு சகோதரர்களும் அவர்களுடைய நெருங்கிய உறவினர் இருவருமாக நால்வர் அந்த ஒரே நாளில் மாண்டனர். அவர்களில் ஒருவர் வேறொரு பிரிட்டிஷ் படையணியில் பணியாற்றியவர். தலைநகரத்து வணிகர் வீட்டுக்கும் தொலைதூரக் குப்பத்து மீனவர் வீட்டுக்கும் ஒரே வாரத்தில் ஒரே செய்தி போய்ச் சேர்ந்த அந்த ஜூலை மாதம்தான், சபையும் வர்க்கமும் பிரித்துவைத்த மக்களை ஒரு தேசமாகத் துக்கத்தில் சேர்த்தது என்று சொன்னால் அது மிகையாகாது.

அந்தத் தேசத்தின் பங்களிப்பு ரெஜிமென்டோடு நின்றுவிடவில்லை என்பதையும், நினைவு மரபு ஜூலை முதல் நாளின்மேல் வைக்கும் அழுத்தத்தில் மற்றவை மங்கிவிடுகின்றன என்பதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். 6,200-க்கும் மேற்பட்டோர் ரெஜிமென்டில் பணியாற்ற, அவர்களில் 1,300-க்கும் அதிகமானோர் இறந்தனர். கடற்படைச் சேமப்படையில் சுமார் 2,000 பேர் கடலின் குளிர்க் காவல்களில் நின்றனர். 1917-இல் அமைந்த வனப்படையில் சுமார் 500 மரம்வெட்டிகள் ஸ்காட்லாந்தின் காடுகளில் போருக்கான மரத்தை வெட்டித் தந்தனர். ஆயிரக்கணக்கானோர் கனடாவின் படைகளில் சேர்ந்தனர். எல்லாம் சேர்த்தால் ஏறத்தாழ 12,000 பேர். குழந்தை முதல் முதியவர்வரை எண்ணினாலும் இருபது பேருக்கு ஒருவர். வீட்டில் இருந்த பெண்கள், 'பெண்கள் தேசபக்திச் சங்கம்' என்ற அமைப்பின் கிளைகளில் கூடி 60,000-க்கும் மேற்பட்ட சோடிக் கம்பளிக் காலுறைகளைப் பின்னி அனுப்பினர். மீனவர் வீட்டில் வழக்கமாகப் பின்னப்படும் அந்தச் சாம்பல்நிறக் காலுறை, சேற்றில் நாள்கணக்காக நின்று கால் அழுகிப்போகும் நோய்க்கு எதிரான மெய்யான பாதுகாப்பாக இருந்தது. போருக்குப்பின் வாக்குரிமை கேட்டபோது அந்தப் பெண்கள் இந்த உழைப்பையே சான்றாகக் காட்டினர். 1925-இல் அது கிடைத்தது.

மீண்டும் ஆள்சேர்த்து எழுந்த படை 1916 அக்டோபரில் குவெத்கூரில் வெற்றி கண்டது. 1917 ஏப்ரல் 14 அன்று மோன்ஷி-லெ-ப்ரூ என்ற ஊரின் முன்னே ஒரே காலையில் 450-க்கும் மேற்பட்டோரை இழந்தது. ஊரே எதிரியின் கைக்குப் போகவிருந்த தருணத்தில் பத்துப் பேர் மட்டும் பல மணி நேரம் அதைத் தாங்கி நின்றனர். லாப்ரடாரின் இனுயிட் வேட்டைக்காரரும் குறிதவறாத துப்பாக்கி வீரருமான ஜான் ஷிவாக் அந்த நவம்பரில் மாஸ்னியேர் அருகே வீழ்ந்தார். அந்தப் போர்க்காலத்தில் 'ராயல்' என்ற அரசப் பட்டம் பெற்ற ஒரே படையணி நியூஃபவுண்ட்லாந்து ரெஜிமென்ட்தான். பதினைந்து வயதில் வயதை மறைத்துச் சேர்ந்த டாமி ரிக்கெட்ஸ், 1918 அக்டோபரில் பெல்ஜியத்தில் காட்டிய துணிவுக்காகப் பதினேழாம் வயதில் விக்டோரியா கிராஸ் பெற்றார். ஊர் திரும்பிய அவர் மருந்துக்கடை வைத்து, புகழ்ச்சிகளிலிருந்து விலகியே வாழ்ந்தார். ஆனால் 1918 மே மாதத்தில் அந்நாடு கட்டாய ராணுவச் சேவைச் சட்டம் இயற்ற வேண்டிவந்தது என்பதும் இதே வரலாற்றின் பகுதியே. தலைநகரம் அளவுக்கு மீறிக் கொடுத்தது. தந்தையும் மகனும் சேர்ந்து இழுத்தால்தான் வலை கரைக்கு வரும் என்ற நிலையிலிருந்த குப்பங்களால் அதே வேகத்தில் கொடுக்க இயலவில்லை. எல்லோரும் மனமுவந்து சென்றார்கள் என்று மட்டும் சொல்லும் நினைவு, அந்தக் குப்பங்களின் நெருக்கடிக்கு நியாயம் செய்யாது.

மனிதரின் கணக்குக்குப் பக்கத்தில் பணத்தின் கணக்கு இருக்கிறது. நினைவுச்சின்னங்கள் முதலாவதை மட்டுமே பொறித்துவைக்கின்றன. படையைத் தன் செலவில் நிறுத்த வேண்டும் என்ற பெருமிதத்தோடு அந்நாடு கடன் வாங்கியது. போர் முடிந்ததும் கைகால் இழந்தோருக்கும் கைம்பெண்களுக்கும் ஓய்வூதியம் தர வேண்டிய கடமை தலைமுறை நீளத்துக்கு நின்றது. அதோடு நட்டத்தில் ஓடிய ரயில்வேயும், போருக்குப்பின் சரிந்த மீன்விலையும், 1929-க்குப் பிந்தைய உலகப் பொருளாதார மந்தமும் சேர்ந்தன. 1933 அளவில் மூன்று லட்சத்துக்கும் குறைவான மக்களின் பொதுக்கடன் பத்துக் கோடி டாலரை நெருங்கியிருந்தது; அரசின் வருவாயில் பாதிக்கும் மேல் வட்டிக்கே போயிற்று. மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவர் நாளொன்றுக்கு ஆறு சென்ட் மதிப்புள்ள நிவாரண உணவுப்பொருளை நம்பி வாழ்ந்தனர். 1932 ஏப்ரலில் பசித்த மக்கள் நாடாளுமன்றக் கட்டடத்தையே முற்றுகையிட்டு நொறுக்கினர். பிரிட்டன் அமைத்த ஆம்ல்ரீ ஆணையம், கட்சி அரசியலிலிருந்து அந்த நாட்டுக்குச் சிறிதுகாலம் ஓய்வு வேண்டும் என்று பரிந்துரைத்தது. 1934 பிப்ரவரி 16 முதல், மக்கள் தேர்ந்தெடுக்காத ஆறு ஆணையர்களும் ஓர் ஆளுநரும் சேர்ந்து ஆளும் ஏற்பாடு வந்தது. தன்னாட்சி பெற்ற நாடொன்று அதைத் தானே கைவிட்ட நிகழ்வு உலக வரலாற்றில் மிக அரிது.

போர்தான் அந்த நாட்டைக் கொன்றது என்ற எண்ணம் பின்னாளில் பரவலாகி, பொமோன்-ஹமலின் சரிவில் ஒரு தேசமே விழுந்தது என்று சொல்லும் அளவுக்குப் போனது. உணர்வளவில் அதை மறுப்பது கடினம். ஒரு தலைமுறையின் ஆசிரியர்களும் வணிகர்களும் அரசியல் தலைமை ஏற்றிருக்கக்கூடியவர்களும் அந்தப் புல்வெளியில் கிடந்தார்கள். ஆனால் கடனின் பெரும்பகுதியில் ரயில்வேக்கும் பங்கு உண்டு, ஊழலுக்கும் உண்டு, ஒரே மீனை நம்பிய பொருளாதாரத்துக்கும் உண்டு. இவற்றை மறைத்துவிட்டு எல்லாப் பழியையும் போரின்மேல் ஏற்றினால் இறந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை கூடிவிடாது. போர்க்கடன் மட்டுமே காரணம் இல்லை. ஆனால் அது இல்லாமல் இருந்திருந்தால் மற்றச் சுமைகளை அந்த நாடு தாக்குப்பிடித்திருக்கக் கூடும் என்ற ஏக்கத்தை எந்த நிதிக்கணக்கும் தீர்த்துவைக்கப் போவதில்லை.

நினைவைக் கட்டி எழுப்பியவர்களில் முதன்மையானவர் தாமஸ் நாங்கிள். படையணியின் கத்தோலிக்கக் குருவாக இருந்த அவர், போருக்குப்பின் கல்லறைகளைப் பதிவுசெய்யும் பொறுப்பை ஏற்று, களம் களமாக நடந்து எலும்புகளைத் தேடி அடக்கம் செய்தார். பின்னர் குருத்துவத்தை விட்டுத் தெற்கு ரொடீசியாவில் குடியேறி மறைந்த அவரது வாழ்க்கை தனி நூலுக்கு உரியது. பொமோன்-ஹமலின் களத்தில் 74 ஏக்கர் நிலத்தை, துண்டு துண்டாக அதை வைத்திருந்த இருநூற்றுக்கும் மேற்பட்ட பிரெஞ்சு உழவர்களிடமிருந்து அவர் பேசி வாங்கினார். அதற்கான பணத்தில் நியூஃபவுண்ட்லாந்துப் பெண்கள் திரட்டியதும் சேர்ந்திருந்தது. படையணியின் இலச்சினையான கரிபூ மானை வெண்கலத்தில் வடித்தவர் சிற்பி பாசில் காட்டோ. வடதுருவப் பகுதிகளில் மந்தையாகத் திரியும் பெருங்கொம்பு மான் அது. பிரான்ஸிலும் பெல்ஜியத்திலுமாக ஐந்து களங்களில் ஐந்து கரிபூக்கள் நிறுத்தப்பட்டன. பொமோன்-ஹமலில் அது பாறைமேட்டின் உச்சியில், தலையை உயர்த்தி, அன்று எதிரி இருந்த திசையைப் பார்த்து நிற்கிறது. பதுங்குகுழிகள் நிரவப்படாமல், புல் மூடிய வடுக்களாக அப்படியே விடப்பட்டிருக்கின்றன. வெடிக்காத குண்டுகள் மண்ணுக்குள் இன்னும் இருப்பதால் மனிதர் நடக்கக் கூடாத பகுதிகளில் ஆடுகளை விட்டுப் புல்லை மேயவைக்கிறார்கள்.

மேட்டின் அடிவாரத்திலுள்ள வெண்கலப் பலகைகளில் 820 பெயர்கள் இருக்கின்றன. அவை அடையாளம் தெரிந்த கல்லறை ஏதும் இல்லாத தரைப்படையினர், கடற்படைச் சேமப்படையினர், வணிகக் கப்பல் மாலுமிகள் ஆகியோருடைய பெயர்கள். வீழ்ந்தவனின் பெயரையும் பெருமையையும் கல்லில் எழுதி நட்டு, அதையே அவனாகக் கொண்ட நடுகல் மரபில் வந்த ஒருவருக்கு இந்தப் பலகைகளின் பொருளை விளக்க வேண்டியதில்லை. நடுகல் ஊருக்கு அருகிலேயே நின்றது, ஊரார் அதற்குப் பூச்சூட்டினர். இந்தப் பெயர்களோ அவற்றுக்கு உரியோரின் தாய்மாரில் பெரும்பாலோர் ஒருநாளும் போய்ப் பார்த்திராத தொலைவில் பொறிக்கப்பட்டன.

அந்தத் தாய்மாருக்காகச் செயின்ட் ஜான்ஸில், தீவின்மீது இங்கிலாந்தின் உரிமையை ஹம்ப்ரி கில்பர்ட் 1583-இல் அறிவித்த கரையோரத்தில், தேசியப் போர் நினைவுச்சின்னம் எழுந்தது. உச்சியில் ஒரு கையில் சுடரும் மறு கையில் வாளும் ஏந்திய பெண். கீழே கடற்படை வீரர், தரைப்படை வீரர், வணிகக் கப்பல் மாலுமி, மரம்வெட்டி என நால்வர். மரம்வெட்டியைப் போர்வீரருக்குச் சமமாக நிறுத்திய அந்தப் பார்வை, யாருடைய உழைப்பையும் விட்டுவிட மனமில்லாத சிறுநாட்டின் பார்வை. 1924 ஜூலை 1 அன்று அதைத் திறந்துவைத்தவர் சோம் தாக்குதலுக்கே தலைமை தாங்கிய ஃபீல்டு மார்ஷல் ஹேக். அடுத்த ஆண்டு பொமோன்-ஹமல் பூங்காவையும் அவரே திறந்தார். இன்றைய வாசகருக்கு இது நெஞ்சை உறுத்தும். அன்று அவரைத் திரண்டு வரவேற்ற மக்களுக்கு உறுத்தவில்லை. அந்த ஜூலைக் காலையை அவர்கள் பேரரசுக்கான விசுவாசத்தின் உச்சமாகவே பார்த்தனர். இறந்தவர்களால் மேலும் முன்னேற முடியாது என்ற ஒரே காரணத்தால்தான் தாக்குதல் தோற்றது என்ற பொருளில் டிவிஷன் தளபதி சொன்னதை அவர்கள் பாராட்டாகவே ஏற்றனர். அந்த ஏற்பை அறியாமை என்று தள்ளிவிடுவது தகாது. மகன் எதற்காகவும் சாகவில்லை என்று நம்பியபடி ஒரு தாயால் மீதி நாள்களை எப்படிக் கழித்திருக்க முடியும்? பெருமிதம் அவர்களுக்குத் துக்கத்தைத் தாங்கும் ஊன்றுகோலாக இருந்தது. இறந்தவர்களின் நினைவாகவே 1925-இல் மெமோரியல் கல்லூரி தொடங்கப்பட்டது. உயர்கல்விக்குக் கடல்கடந்து போக வேண்டியிருந்த நாட்டில், கல்லைவிடக் கல்விக்கூடம் நல்ல நினைவுச்சின்னம் என்று எண்ணியவர்களின் தொலைநோக்கால் அது இன்று பெரும் பல்கலைக்கழகமாக நிற்கிறது.

1948-இல் எதிர்காலத்தைத் தீர்மானிக்க இரண்டு வாக்கெடுப்புகள் நடந்தன. முதலாவதில் எதற்கும் பெரும்பான்மை இல்லை. அதிக வாக்கு பெற்றது மீண்டும் தன்னாட்சி என்ற தெரிவே. ஜூலை 22 அன்று நடந்த இரண்டாவதில் 52.3 விழுக்காட்டினர் கனடாவோடு இணைவதைத் தேர்ந்தனர். 1949 மார்ச் 31 நள்ளிரவுக்குச் சற்றுமுன் இணைப்பு நிறைவேறியது. தலைநகரில் சிலர் வீடுகளில் கறுப்புத் துணி தொங்கவிட்டனர். இணைந்த கணத்தில், யாரும் திட்டமிடாத ஒரு மோதல் நாட்காட்டியிலேயே அமைந்துவிட்டது. கனடா என்ற கூட்டமைப்பு 1867-இல் பிறந்த நாளும் ஜூலை 1. புதிய நாட்டின் பிறந்தநாளும் பழைய நாட்டின் துக்கநாளும் ஒன்றாயின. ஒன்றை மற்றொன்று விழுங்கவில்லை. முற்பகலில் கொடிகள் அரைக்கம்பத்தில் பறக்க, நினைவுச்சின்னத்தின் முன் மலர்வளையங்கள் வைக்கப்படுகின்றன. 'என்னை மறந்துவிடாதே' என்பதையே பெயராகக் கொண்ட சிறு நீலப் பூவான ஃபர்கெட்-மி-நாட் சட்டையில் குத்தப்படுகிறது. பிற்பகலில் கொடி ஏறி, கொண்டாட்டம் தொடங்குகிறது. நவம்பரில் மற்றக் கனடியர்களோடு அவர்களும் சிவப்புப் பாப்பிப் பூவை அணிகிறார்கள். நீலப் பூ அவர்களுக்கு மட்டும் உரியது.

அந்தப் பூவின் பொருள் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கிறது. முதல் தலைமுறைக்கு அது விசுவாசத்தின் அடையாளம். இணைப்புக்குப்பின் வளர்ந்தவர்களுக்கு, தவறான ஆணையின் பேரில் வீணாக்கப்பட்ட இளமையின் அடையாளம். அவர்களின் பிள்ளைகளுக்கோ, தாங்கள் ஒருகாலத்தில் தனிநாடாக இருந்தோம் என்பதற்கான சான்று. கொள்ளுத்தாத்தாவின் பெயரைப் பலகையில் தேடிப் போகும் இளைஞர் தேடுவது அவரை மட்டுமா, அவர் சார்ந்திருந்த நாட்டையுமா என்று பிரித்துச் சொல்வது எளிதன்று. போருக்குப் போனவர்களில் பலர் நியூஃபவுண்ட்லாந்து என்று சொன்னபோது தங்கள் விரிகுடாவைத் தாண்டி அதிகம் கண்டிராதவர்கள். அந்தப் பெயருக்குத் தேசம் என்ற முழுப்பொருளை அவர்களின் சாவே கொடுத்தது. அந்தப் பொருள் பிடிபட்டு ஒரு தலைமுறை ஆவதற்குள், அதைத் தாங்க வேண்டிய அரசு இல்லாமற்போனது.

2024 மே 25 அன்று, பெயர் அறியப்படாத நியூஃபவுண்ட்லாந்து வீரர் ஒருவரின் எச்சங்கள், வடக்கு பிரான்ஸின் கல்லறையிலிருந்து எடுக்கப்பட்டு, பொமோன்-ஹமலில் நடந்த சடங்கில் அவரது மண்ணைச் சேர்ந்தவர்களிடம் ஒப்படைக்கப்பட்டன. செயின்ட் ஜான்ஸில் மூன்று நாள் மக்களின் அஞ்சலிக்காக வைக்கப்பட்ட அவர், நினைவுச்சின்னம் திறந்து சரியாக நூறாண்டு நிறைந்த ஜூலை 1 அன்று அதன் அடியில் அடக்கம் செய்யப்பட்டார். ஒட்டாவாவில் கனடாவுக்கென ஓர் அறியப்படாத வீரரின் கல்லறை 2000-ஆம் ஆண்டிலிருந்தே இருக்க, ஒரு மாகாணத்துக்கு மட்டும் தனிக் கல்லறை எதற்கு என்ற கேள்விக்கு விடை, அவர் புறப்பட்டபோது அது மாகாணமாக இல்லை என்பதே. அவர் மீனவரா, மரம்வெட்டியா, வணிகர் மகனா, எந்தச் சபையில் ஞானஸ்நானம் பெற்றவர், எந்த விரிகுடாவின் கரையில் அவருக்காகக் காலுறை பின்னினார்கள் என்பது எவருக்கும் தெரியாது. காணாமற்போன ஒருவரின் உடல் அடையாளம் காணப்பட்டால் நினைவுப் பலகையிலிருந்து அவர் பெயரை நீக்குவது போர்க்கல்லறைகளின் வழக்கம். இவருடைய பெயரை அப்படி நீக்க வழியில்லை. உடல் செயின்ட் ஜான்ஸின் துறைமுகத்தைப் பார்த்தபடி கிடக்க, அவருடைய பெயர் கடலுக்கு அப்பால், கரிபூ நிற்கும் பாறைமேட்டின் அடியில், மற்றப் பெயர்களுக்கு நடுவே எந்த வரியில் என்று தெரியாமல் இருந்துகொண்டிருக்கிறது.